இரட்டைப் பாம்பு, இரண்டு இறக்கை, நடுவில் ஓர் எழுத்து

நண்பரின் பேத்தி, சேலத்தில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் அனுப்பிய கேள்வி இது: "தாத்தா, ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் சாமான்களை விற்றபோது வாங்கிய மேசையின் இழுப்பறையில் இந்தப் பேட்ஜ் கிடந்தது. இரண்டு இறக்கைகள், நடுவே பாம்பு சுற்றிய கோல், கோலின் மேல் 'என்' என்ற ஆங்கில எழுத்து. பித்தளை என்கிறார் அப்பா. இது விமானப்படை டாக்டர் அணிந்ததா? இதைப் பெற என்ன தகுதி வேண்டும்? என்னைப் போன்றவர்களுக்கு இங்கே அப்படி ஒரு வழி இருக்கிறதா?"

பித்தளை இல்லை, கண்ணு. டாக்டர் அணிந்ததும் இல்லை. உன் கேள்வியைப் போலவே பலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் பயன்படும்படி கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உலோகத்தை முடித்துவிடுவோம். படத்தைப் பார்த்ததும் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த கொலுசுப் பட்டறைக்கு உன்னை வரச் சொன்னேன் அல்லவா? அந்தப் பெரியவர் பேட்ஜின் பின்பக்கத்து ஓரத்தை உரைகல்லில் ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். கல்லில் முதலில் மஞ்சளாக ஒரு மயிரிழை, அதை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு. கோட்டின் மேல் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளிதான் ஐயா, மேலே தங்க முலாம்" என்றார். ஊசிக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஸ்டெர்லிங்' என்ற முத்திரையும் இருந்தது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள்.

அந்த மஞ்சள் மயிரிழைதான் இந்தப் பேட்ஜின் வயதைச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் வான் பிரிவு, தன் விமான மருத்துவர்களுக்கும் விமானச் செவிலியருக்கும் 1943-இல் இறக்கைப் பேட்ஜ் கொடுத்தபோது அவை பொன்னிறத்தில் இருந்தன. விமானிகளின் இறக்கையோ வெள்ளி நிறம். 1944 செப்டம்பரில் மருத்துவப் பிரிவின் இறக்கைகளையும் வெள்ளி நிறத்துக்கு மாற்றினார்கள். ஆகவே உன் கையில் இருப்பது 1943-க்கும் 1944 செப்டம்பருக்கும் இடைப்பட்ட வடிவம். 'என்' என்பது 'நர்ஸ்' என்ற சொல்லின் முதல் எழுத்து. மருத்துவரின் பேட்ஜில் கோல் மட்டும் இருக்கும், செவிலியரின் பேட்ஜில் அந்தக் கோலின் மேல் இந்த எழுத்து உட்கார்ந்திருக்கும். ஒரு விமானச் செவிலியின் மார்பில் இருந்த இறக்கை அது. வீட்டில் எல்லோரும் "டாக்டர் துரையுடையது" என்று சொல்லிக்கொண்டிருப்பதைத் தயவுசெய்து மாற்று.

அமெரிக்கப் பேட்ஜ் நம் பக்கம் இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை போர்க்காலத்தில் அமெரிக்க வான்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையமாக இயங்கியது. அசாமில் சாபுவா தளத்தில், காயம்பட்டவர்களை விமானத்தில் ஏற்றிச் செல்லும் அவர்களுடைய 803-ஆவது மருத்துவப் படையணி இருந்தது. விமானச் செவிலியர்கள் அந்த அணியோடு வந்தார்கள்.

இனி உன் உண்மையான கேள்விக்கு வருகிறேன். மருத்துவம் பார்ப்பவருக்கு இறக்கை எதற்கு? காலாட்படை மருத்துவருக்குத் துப்பாக்கிச் சின்னம் கொடுப்பதில்லை. நோயாளி விமானி என்பதற்காக மட்டும் இறக்கை கொடுத்திருக்க மாட்டார்கள்.

விடை ஏற்காட்டு மலைப்பாதையிலேயே இருக்கிறது. நான் உடலியங்கியல் கற்பித்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை மலைக்குக் கூட்டிப் போவேன். ஏரிக்கரையில் வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றின் மூடியை இறுக மூடிப் பையில் போட்டுக்கொள்வேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக்கு வந்து எடுத்தால், பாட்டிலின் இடுப்பு உள்வாங்கி, யாரோ கையால் நசுக்கியது போல் இருக்கும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. அந்த மெல்லிய காற்றை அடைத்துக் கீழே கொண்டுவந்தால் அடிவாரத்துக் கனத்த காற்று பாட்டிலைப் பிழிகிறது. ஏறும்போது கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதும் இதே கணக்குதான்.

ஒரு முறை சளி பிடித்திருந்த மாணவன் ஒருவன் சொல்லாமல் வந்துவிட்டான். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது பாதி வழியில் காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான். நடுச்செவியில் இருக்கும் காற்று வெளியேறுவது எளிது. தொண்டையிலிருந்து செவிக்குப் போகும் குழாய் சளியால் வீங்கியிருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைவது மிகவும் கடினம். செவிப்பறை அந்தப் பாட்டிலின் இடுப்பைப் போல் உள்ளே இழுபடும். பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இறங்கும் இந்த உயரத்தைப் போர் விமானம் மூச்சுவிடும் நேரத்தில் இறங்கிவிடும். அந்த வலியோடு ஒருவர் விமானத்தைத் தரையிறக்க வேண்டும் என்று நினைத்துப் பார்.

காது சின்ன விஷயம். ஆக்சிஜன் குறைவு அப்படி இல்லை. வலியே இல்லாமல் வருவதால் அது பல மடங்கு கொடியது. 1875 ஏப்ரல் 15 அன்று பாரிஸிலிருந்து 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள்: சிவெல், குரோசே-ஸ்பினெல்லி, திசாந்தியே. சுமார் 8,600 மீட்டர் வரை போனார்கள். கூடையில் ஆக்சிஜன் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்துச் சென்ற அளவு போதாது என்று உடலியங்கியல் அறிஞர் பால் பெர் எழுதிய எச்சரிக்கைக் கடிதம் காலம் கடந்து வந்து சேர்ந்தது. உயிர் பிழைத்தவர் திசாந்தியே மட்டும். ஆக்சிஜன் குழாயைப் பிடிக்க நினைத்ததாகவும், கை எழும்பவில்லை என்றும், அந்த நிலையில் வேதனை எதுவும் தெரியாமல் உள்ளே ஒரு மகிழ்ச்சி பரவியதாகவும் பின்னர் எழுதினார். பிராண வாயு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இருவர் மூச்சடங்கிப் போனார்கள். மூன்றாண்டு கழித்து, 1878-இல், காற்றழுத்தம் பற்றிய தன் பெரும் நூலை பால் பெர் வெளியிட்டார். விமானம் பிறப்பதற்கு முன்பே விமான மருத்துவம் பிறந்துவிட்டது.

என்னோடு படித்து விமானப்படை மருத்துவரான நண்பர் ஒருவர் ஒரு தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். குறை அழுத்த அறையில் 25,000 அடிக்குச் சமமான நிலையில் முகமூடியைக் கழற்றிவிட்டு, ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொல்வார்கள். தாளில் முதல் நான்கு வரிகள் அச்சுப் போல் இருக்கின்றன. ஐந்தாவது வரி சரிகிறது. ஆறாவதில் 965 இரண்டு முறை வருகிறது. அதற்குக் கீழே எண்ணே இல்லை, மண்புழு ஊர்ந்த தடம் போல் ஒரு கோடு தாளின் ஓரம் வரை போய் நிற்கிறது. "முகமூடியை மாட்டிவிட்ட பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், எல்லாவற்றையும் சரியாக எழுதினேன் என்று அடித்துச் சொன்னேன்" என்றார் நண்பர். அந்த உயரத்தில் தன்னைக் காத்துக்கொள்ளும் அளவுக்குத் தெளிந்த நினைவு மூன்று முதல் ஐந்து நிமிடம் வரைதான் நீடிக்கும். 35,000 அடியில் அது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். இதைப் புத்தகத்தில் படித்த மருத்துவர் வேறு, அந்தத் தாளை எழுதிய மருத்துவர் வேறு. எனக்குத் தெரிந்தவரை அந்த இறக்கையின் உட்பொருள் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வரலாற்றைப் பார்ப்போம். முதல் உலகப் போரில் விபத்தில் செத்த விமானிகள் ஏராளம். நூறு பேர் இறந்தால் இரண்டு பேர் எதிரியாலும், எட்டுப் பேர் இயந்திரக் கோளாறாலும், தொண்ணூறு பேர் தம் சொந்த உடல், மனக் குறைகளாலும் இறந்தார்கள் என்று பிரிட்டனின் அனுபவமாக ஒரு கணக்கு அந்நாளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இத்தனை உருண்டையாக வரும் எண்களை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அமெரிக்கர்களை அசைத்தது அந்தக் கணக்குதான். 1917-இல் அவர்களுடைய வான் பிரிவின் தலைமை மருத்துவரானவர் தியோடர் லைஸ்டர். அவரும் காது மருத்துவர் ஐசக் ஜோன்ஸும் சேர்ந்து, விமானிகளுக்கென்றே தனி மருத்துவர் வேண்டும் என்று வாதாடினார்கள். 1918 ஜனவரியில் நியூயார்க் அருகே மினியோலாவில் ஆய்வுக்கூடம் திறந்தது. அதே ஆண்டில் 'ஃப்ளைட் சர்ஜன்' என்ற பெயரும் வந்தது. 'சர்ஜன்' என்றதும் கத்தியை நினைக்காதே. அமெரிக்கப் படையில் மருத்துவ அதிகாரியை அப்படி அழைப்பது பழைய வழக்கம். நம் மொழியில் விமான மருத்துவர் என்பதே சரி.

காது மருத்துவர் ஏன் நடுவில் வந்தார் என்று கேட்பாய். ஏற்காட்டுப் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார். வளைவு முடிந்து வண்டி நேராக ஓடத் தொடங்கிய பிறகும் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். உட்செவியின் அரைவட்டக் குழல்களில் இருக்கும் நீர் இன்னும் நிலைக்கு வரவில்லை, அதனால்தான். பஸ்ஸில் கண்ணைத் திறந்தால் போதும், மலை உண்மையைச் சொல்லிவிடும். மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு வெளியே பார்க்க எதுவும் இல்லை. காது சொல்வதை நம்பி விமானத்தைச் சாய்த்துக்கொண்டே போய் மண்ணில் மோதியவர்கள் ஏராளம். இந்தக் குழல்களின் செயலை ஆராய்ந்த ராபர்ட் பாராணிக்கு 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் பெயரில் அமைந்த சுழல் நாற்காலி இன்றும் விமான மருத்துவப் பயிற்சியில் இருக்கிறது.

1918-இல் பெயர் வந்ததே தவிர இறக்கை வரவில்லை. ஆயினும் அந்த மருத்துவர்கள் பறந்தார்கள். மேஜர் வில்லியம் ரீம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று விமான விபத்தில் இறந்தார். பறந்து உயிர் துறந்த முதல் விமான மருத்துவர் அவர். கலிஃபோர்னியாவின் ரீம் விமானத் தளம் அவர் பெயரைத் தாங்கியது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, பயிற்சிப் பள்ளி நியூயார்க்கிலிருந்து டெக்சாஸுக்கு மாறியது, ஆய்வுகள் வளர்ந்தன. ஹாரி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற விமான மருத்துவர், சுமார் 63,000 அடிக்கு மேல் நம் உடல் வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்துவிடும் என்று காட்டினார். அந்த எல்லைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இருந்தும் மார்பில் அணிய எதுவும் இல்லை.

1943-இல் நிலை மாறியது. அந்த ஆண்டு என்ன மாதிரியான மருத்துவர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். உயரத்தில் விமானத்தைவிட்டுக் குதிப்பவருக்குச் சிறு ஆக்சிஜன் புட்டி உயிர் காக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. விமான மருத்துவர் ராண்டால்ஃப் லவ்லேஸ் வேறு யாரையும் அனுப்பவில்லை. ஜூன் 24 அன்று 40,200 அடியிலிருந்து தானே குதித்தார். வாழ்க்கையில் அதுதான் அவருடைய முதல் பாராசூட் குதிப்பு. குடை விரிந்த அதிர்ச்சியில் நினைவிழந்தார். கையுறை பிய்த்துக்கொண்டு போய், வெறுங்கை உறைபனிக் குளிரில் கருகியது. ஆனால் ஆக்சிஜன் கருவி வேலை செய்தது. இந்த மாதிரி ஆட்களுக்கு இறக்கை கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

அந்நாளில் மருத்துவருக்கான தகுதி மூன்று படிகளாக இருந்தது. முதலில் படையில் மருத்துவ அதிகாரியாக வேண்டும். அடுத்து விமான மருத்துவப் பள்ளியில் பயிற்சி. அதை முடித்தவர் விமானிகளின் உடலைச் சோதிக்கும் அதிகாரி மட்டுமே. பறக்கும் படையணியோடு தங்கிப் பணியாற்றி, தானும் பறந்து மணிக்கணக்கைச் சேர்த்த பிறகே விமான மருத்துவர் என்ற பட்டம். வகுப்பறை ஒருவரைச் சோதனை அதிகாரியாக்கும், இறக்கையை வானத்தில்தான் வாங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது உன் பேட்ஜுக்கு உரியவர்கள். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

1943 ஜனவரி 17. பிரியாத இந்தியாவின் கராச்சி. அமெரிக்கச் செவிலி லெஃப்டினன்ட் எல்சி ஆட் என்பவரிடம் ஐந்து நோயாளிகளை ஒப்படைத்து, விமானத்திலேயே வாஷிங்டன் வரை கொண்டு சேர்க்கச் சொன்னார்கள். அதற்கு முன் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. கப்பலில் என்றால் மூன்று மாதம் பிடிக்கும் பயணம். இடையிடையே இறங்கி ஏறி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஐவரையும் உயிரோடு கொண்டு சேர்த்தார். வழியில் எது இல்லாமல் தவித்தோம், எதை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகள் பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டின. அமெரிக்காவின் வான் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர்.

அதற்கு அடுத்த மாதம், பிப்ரவரி 18 அன்று, கென்டக்கி மாநிலத்தின் போமன் தளத்தில் விமானச் செவிலியரின் முதல் அணி பயிற்சி முடித்தது. பட்டமளிப்புக்கு வான்படையின் தலைமை மருத்துவர் ஜெனரல் டேவிட் கிராண்ட் வந்திருந்தார். முதலிடம் பெற்ற ஜெரால்டின் டிஷ்ரூன் மேடைக்கு முன் வந்து நின்றபோதுதான், செவிலியருக்கென்று பேட்ஜ் எதையும் யாரும் யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது. ஜெனரல் தன் சட்டையிலிருந்த விமான மருத்துவர் இறக்கையைக் கழற்றி அந்தப் பெண்ணின் சீருடையில் குத்திவிட்டார். 'என்' எழுத்துப் பொறித்த பேட்ஜ் பிறகு வந்தது. உன் மேசை இழுப்பறையில் கிடந்தது அந்த வம்சத்துப் பேட்ஜ், கண்ணு.

அதைப் பெற என்ன தேவை? ஏற்கெனவே தரைப்படைச் செவிலியர் அணியில் இருக்க வேண்டும், பறப்பதற்கான உடல் தகுதி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தானாக முன்வர வேண்டும். கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை, அதற்குக் காரணம் உண்டு. காயம்பட்டவர்களை ஏற்றி வந்த சி-47 விமானங்கள் போகும்போது போர்முனைக்குச் சரக்கும் ஆட்களும் ஏற்றிச் சென்றன. அதனால் அவற்றின் மேல் செஞ்சிலுவைச் சின்னம் இட முடியாது. எதிரி சுடலாம், சட்டப்படி அது குற்றமாகாது. பயிற்சிக் காலம் சில வாரங்கள்தான். உயரத்தில் உடல் படும் பாடு, தூக்குக் கட்டிலை அடுக்காக விமானத்தில் மாட்டுவது, விபத்தில் வெளியேறுவது, காட்டிலும் கடலிலும் பிழைத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பறக்கத் தொடங்கியபின் விமானத்தில் மருத்துவரே இருக்க மாட்டார். பதினெட்டுக் கட்டில்களுக்கும் அந்த ஒரு செவிலியும் ஓர் உதவியாளருமே பொறுப்பு. வயிற்றில் குண்டு பாய்ந்தவனின் குடலில் அடைபட்ட காற்று உயரே போகப் போக விரியும். நெஞ்சில் துளை விழுந்தவனுக்கும் அதே நிலை. அழுத்தம் குறையக் குறையக் காற்று விரியும் என்று நீ வகுப்பில் படிக்கும் பாயில் விதியை அவர்கள் நோயாளியின் முகத்தில் படித்தார்கள். எப்போது இன்னும் தாழப் பறக்க வேண்டும் என்று விமானியிடம் போய்ச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

போர் முடிந்தபோது கணக்குப் பார்த்தார்கள். சுமார் 500 விமானச் செவிலியர்கள், 31 படையணிகள். வான்வழியாகக் கொண்டுவரப்பட்ட நோயாளிகள் 11,76,048. வழியில் இறந்தவர்கள் 46 பேர் மட்டும். பணியில் உயிர்நீத்த விமானச் செவிலியர்கள் 17 பேர். அந்த 46 என்ற எண்ணை முதலில் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

போருக்குப் பிந்தைய பேட்ஜ் வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1947-இல் அமெரிக்க வான்படை தனிப் படையானது, இறக்கையைத் தன்னோடு எடுத்துக்கொண்டது. தரைப்படை 1956-இல் தன் விமான மருத்துவருக்குத் தனிப் பேட்ஜ் உண்டாக்கியது: இறக்கைகளின் நடுவே கேடயம், கேடயத்தில் கோல். கடற்படையின் பேட்ஜ் பொன்னிறம், நடுவே ஓக் இலையும் அதன் காயும். அது அவர்களுடைய மருத்துவப் பிரிவின் சின்னம். தரைப்படையிலும் வான்படையிலும் மூன்று நிலைகள். வெறும் இறக்கை முதல் நிலை, மேலே நட்சத்திரம் சேர்ந்தால் மூத்த நிலை, நட்சத்திரத்தைச் சுற்றி இலை வளையமும் வந்தால் உயர்நிலை. பணியாற்றிய ஆண்டுகளும் பறந்த மணிகளும் சேர்ந்து இந்த ஏற்றத்தைத் தீர்மானிக்கின்றன. இன்றைய அடிப்படைத் தகுதிகளும் பெரிதாக மாறவில்லை: மருத்துவப் பட்டம், பயிற்சி மருத்துவர் காலம், பறப்பதற்கான உடல் சோதனை, விமான மருத்துவப் படிப்பு. படிப்பின் நீளம் படைக்குப் படை மாறும். தரைப்படைக்கு அலபாமாவில் சில வாரங்கள், கடற்படைக்கு ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் ஏறக்குறைய ஆறு மாதம். அதில் விமானத்தில் ஏறிப் பறக்கும் பாடமும் உண்டு. இறக்கை கிடைத்த பிறகும் தொடர்ந்து பறந்துகொண்டிருக்க வேண்டும்.

பாம்பு சுற்றிய கோல் என்று எழுதியிருந்தாய். உன் பேட்ஜில் கோலைச் சுற்றி இரண்டு பாம்புகள் இருக்கின்றன, பூதக்கண்ணாடியில் பார்த்தால் நன்றாகத் தெரியும். அது கிரேக்கத் தூதுக் கடவுள் ஹெர்மிஸின் கோல், வணிகத்துக்கும் அவரே தெய்வம். மருத்துவக் கடவுள் அஸ்கிளிப்பியஸின் கோலில் ஒரே ஒரு பாம்புதான். அமெரிக்கத் தரைப்படை 1902-இல் இரட்டைப் பாம்பை மருத்துவச் சின்னமாக்கிக்கொண்டது, பழைய பேட்ஜ்களில் எல்லாம் அது தொடர்ந்தது. 1956-இன் கேடயத்தில் ஒற்றைப் பாம்பு வந்துவிட்டது. நம் ராணுவ மருத்துவப் பிரிவின் சின்னத்திலும் ஒற்றைப் பாம்புதான், கீழே 'சர்வே சந்து நிராமயா', எல்லோரும் நோயின்றி இருக்கட்டும் என்ற சொல். பழைய பேட்ஜ் என்று யாராவது உன்னிடம் விற்க வந்தால் முதலில் பாம்பை எண்ணு.

இங்கே வழி உண்டா என்றாய். சேலத்திலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியே நான்கு மணி நேரம். பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். 1957 மே 29 அன்று விமான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. ஈர்ப்பு விசையைப் பல மடங்காக்கும் சுழல் பொறி, குறை அழுத்த அறை எல்லாம் அங்கே உண்டு. ககன்யான் திட்டத்துக்கான விமானிகளைத் தேர்ந்தெடுத்ததும் அங்கேதான். அந்த நால்வரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். 2024 பிப்ரவரி 27 அன்று தும்பாவில் பிரதமர் அவர்களுக்கு விண்வெளி வீரர் இறக்கையை அணிவித்ததை நீயும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய்.

நீ ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். படிப்பதால், புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் சேரும் வழி உனக்கு முடிந்துவிட்டது. அதற்காக வருந்தாதே. பயிற்சி மருத்துவர் காலத்தை முடித்துப் பதிவு செய்துகொண்ட பிறகு, ஆயுதப்படை மருத்துவப் பணியின் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். நேர்காணலும் உடல் சோதனையும் உண்டு. முதலில் ஐந்தாண்டு, பிறகு நீட்டிப்பு. முப்படைகளில் எதற்கு அனுப்புவார்கள் என்பது உன் விருப்பத்தையும் காலி இடத்தையும் பொறுத்தது. விமானப்படைக்குப் போனால் பெங்களூரில் விமான மருத்துவத்தின் அடிப்படைப் படிப்பு. மேலே படிக்க விரும்பினால் அதே நிறுவனத்தில் மூன்றாண்டு எம்.டி. இருக்கிறது. வயது வரம்பும் மதிப்பெண் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்பு, என்னைப் போன்றவர்களின் பழைய நினைவை நம்பாதே.

பெண்ணுக்கு இது ஒத்துவருமா என்று வீட்டில் கேட்டால் பத்மா பந்தோபாத்யாயாவின் பெயரைச் சொல். 1944-இல் திருப்பதியில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். நம் விமானப்படையில் விமான மருத்துவச் சிறப்புத் தகுதி பெற்ற முதல் பெண் அதிகாரி. 1971 போரில் ஆற்றிய பணிக்குப் பதக்கம் பெற்றார், வடதுருவப் பகுதியில் ஆய்வு செய்தார், 2004-இல் ஏர் மார்ஷல் ஆனார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலையின் கடினமான பகுதி அழுத்த அறையோ சுழல் பொறியோ அல்ல. விமானியின் வாயிலிருந்து உண்மையை வாங்குவதுதான். உடம்பு சரியில்லை என்று சொன்னால் பறக்கத் தடை விழும், தடை விழுந்தால் தோழர்கள் முன் தலைகுனிவு என்று அவர்கள் நினைப்பார்கள். அந்தத் தாளை வைத்திருந்த விமானப்படை மருத்துவ நண்பர் சொன்ன சம்பவம் இது. காலையில் விமானிகள் கூடும் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளைஞர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைப் பிடித்துக் காதை ஊதிப் பார்ப்பதைக் கவனித்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. அருகில் போய்த் தோளைத் தொட்டு, "எத்தனை நாளாகச் சளி?" என்று கேட்டார். அந்த இளைஞர் மறைக்கவில்லை. மூன்று நாள் தடை. பிறகு நண்பர் கேட்டாராம், வேறு யாராவது கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாயா என்று. "நீங்கள் போன வாரம் என் பின்இருக்கையில் உட்கார்ந்து வந்தீர்கள் ஐயா, அந்தச் சுழற்சியில் வாந்தி எடுத்துவிட்டு இறங்கியதும் இன்னொரு முறை போகலாம் என்றீர்கள். உங்களிடம் எப்படிப் பொய் சொல்வது?" என்றாராம்.

பேட்ஜைப் பற்றிக் கடைசியாக ஒரு வேண்டுகோள். அம்மா குத்துவிளக்குத் தேய்க்கும்போது இதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வை. மெருகுப் பொடியும் வேண்டாம். அந்தத் தங்க முலாம் மயிரிழை அளவுதான், ஒரு முறை அழுத்தித் தேய்த்தால் போய்விடும். முலாம் போனால் 1944 செப்டம்பருக்கு முந்தையது என்று சொல்ல அதில் எதுவும் மிஞ்சாது. பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி, ஈரம் படாத டப்பாவில் வை. உரைகல் பட்ட அந்தக் கீறல் அப்படியே இருக்கட்டும்.